புக்கிட் காபுட்டின் ஏழாம் சட்டம்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்தால் பேனா தாளைக் கிழித்தது. இன்றைக்குக் கிழிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் வழக்கம்போல தேயிலை ஃபேக்டரி ஆபீஸ். பங்களாதேஷ்காரர்கள் வரிசையாக வந்து மிஷினில் விரல் வைத்துவிட்டு மலைக்கு ஏறினார்கள். பத்து மணிக்கு மானேஜர் எட்டிப் பார்த்து, "என்ன ரூபினி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார். சளி என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு ராஜ்யத்தில் எனக்கிருந்த மந்திரி பதவியைப் பிடுங்கிவிட்டார்கள் சார் என்றா?

முப்பத்தொரு வயசு. ஃபோனில் விளையாடுகிற ஒரு கேமுக்காக இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் ஃபோனை வென்னீர் அடுப்பில் போட்டுவிடுவாள்.

ஆனால் எனக்கு அது வெறும் கேம் இல்லை. கொரோனாவில் எல்லாரும் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தபோது நானும் ஜேசனும் தொடங்கினது. நான் பதினோராம் நம்பர் வீடு, அவன் எட்டாம் நம்பர். ஒரே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நாகா என்கிற அந்த கேமில் பறக்கிற நாகம் உண்டு, மந்திரம் உண்டு, கோட்டை கட்டலாம், நாடு பிடிக்கலாம். எங்கள் நாட்டுக்குப் புக்கிட் காபுட், மூடுபனி மலை, என்று பெயர் வைத்தோம். அவனுக்குச் சண்டை நன்றாக வரும், அதனால் ராஜா. எனக்கு ஆள்களைக் கட்டி மேய்க்கத் தெரியும், அதனால் மந்திரி. ஐந்து பேரில் தொடங்கியது இன்றைக்கு நூற்று நாற்பது பேர். தானா ராத்தா, கியா பார்ம், கோலா தெர்லா என்று மலை மேல் இருக்கிற ஊர்களின் தமிழ் ஆள்களில் ஃபோன் கையில் இருக்கிற பாதிப் பேர் அதில்தான். பதினோரு சட்டம் எழுதினது நான். ஞாயிறு மூன்று மணிக்குப் பெரட்டு என்று வைத்ததும் நான்தான். தோட்டத்தில் விடியலில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே மாதிரி. இப்போது தோட்டத்துப் பெரட்டில் ஒரு தமிழ்ப் பேர் கிடையாது. எங்கள் பேரைக் கூப்பிடுகிற பெரட்டு அது ஒன்றுதான்.

அந்தப் பெரட்டில் வைத்துத்தான் செய்தான். நூற்று நாற்பது பேர் முன்னால்.

"இன்னையிலேர்ந்து மந்திரி, ஈப்போ நடாலி. ரூபி ரொம்ப ஒழச்சிட்டா லா. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட்!

கைதட்டுகிற பொம்மை நாற்பது வந்தது. யார் யார் போட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

காலையில் வாசலில் ஹாரன். ஜேசன் காரின் கண்ணாடியை இறக்கி, "மழையா இருக்கு. ஃபேக்டரில எறக்கி விட்டுட்டு நான் கடைக்குப் போறேன், ஏறு" என்கிறான். அவனுக்குத் தானா ராத்தாவில் ஹேண்ட்போன் கடையில் வேலை. முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி? ம்ஹூம். ஒன்றுமே நடக்காத மாதிரி.

நனைந்துகொண்டே நடந்தேன். செருப்பெல்லாம் செம்மண்.

9 ஆகஸ்ட், சனி

நடாலி மெசேஜ் போட்டிருந்தாள். ஈப்போ கூட்டத்துக்குத் தலைவி. நேரில் பார்த்ததில்லை. "அக்கா, மனசுல வெச்சிக்காதீங்க, இது பாலிடிக்ஸ்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆறுதல் சொன்னாளா, குத்திக் காட்டினாளா, தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஈப்போவிடம் ஆயிரத்து ஐந்நூறு குதிரை கொண்ட படை. அது நம் பக்கம் சேர்ந்தால் இந்தப் பக்கத்தில் எங்களை அடிக்க ஆளே கிடையாது. சேர வேண்டும் என்றால் அவர்கள் கேட்டது இரண்டு. வடக்குக் கணவாயின் காவல் ஒன்று. என் தலை ஒன்று. போன வருஷம் அவர்கள் கணவாயை முற்றுகை போட்டபோது சமாதானக் கடிதம் அனுப்பி உள்ளே வரவழைத்து, இரண்டு பக்கமும் அடைத்து, படையைப் பட்டினி போட்டது நான்தானே. அதை அவர்கள் மறக்கவில்லை. சரி, பகைக்காரர்கள் மறக்க வேண்டாம். ஆனால் அதை நான் யாருக்காகச் செய்தேன்?

கணவாய்க் காவலைக் கொடுப்பதற்கு ஜேசன் மூன்று வாரம் பேரம் பேசினானாம். என் தலைக்கு ஒரு நாள்கூடப் பேசவில்லையாம். கேட்டவுடன் "ஓகே" என்றானாம்.

ஓகேவா! ஒரு வார்த்தை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானே விலகியிருப்பேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறேன்டா. எட்டு வச்சா என் வாசல்.

இதில் இன்னொரு எரிச்சல். எல்லாரும் எனக்கு அவன் மேல் ஏதோ இருந்தது, நடாலி வந்ததால் வயிறு எரிகிறது என்று பேசுகிறார்கள். அம்மாகூட ஜாடையாகக் கேட்டாள். ஒரு பொம்பளைக்கு நாற்காலி போனால் கோபம் வரும் என்று ஒருத்தருக்கும் தோன்றாது போல.

12 ஆகஸ்ட், செவ்வாய்

போர்தான். முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் போருக்கு ஒரு காரணம் வேண்டும். என் காரணம் உதவாது. என் அவமானத்துக்காக யார் வந்து குதிரை ஏறுவார்கள்? அவரவருக்கு அவரவர் காரணம் வேண்டும்.

ஈப்போக்காரர்கள் வெளியாள் என்று கிளப்பிவிடலாம். ஆனால் பாதிப் பேருக்கு ஈப்போவில் சொந்தக்காரர்கள். எடுபடாது. ராஜா சரியில்லை என்று சொல்லலாமா என்றால், ஜேசனை எல்லாருக்கும் பிடிக்கும். ஃபோன் கெட்டுப்போனால் காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பான்.

மிச்சம் இருப்பது வடக்குக்காரர்கள். கோலா தெர்லாவில் நாற்பது பேர், காய்கறித் தோட்டத்திலும் லாரியிலும் வேலை செய்கிறவர்கள். கேமிலும் அவர்கள் வேலை அதேதான். நாட்டுக்கே தானியம் அவர்கள் விளைவிப்பது, கோட்டைக்குக் கல் அவர்கள் வெட்டினது. ஆனால் ராஜசபையில் ஐந்து நாற்காலி, ஐந்திலும் தானா ராத்தா ஆள்கள். இப்போது அவர்கள் வாசலில் இருக்கிற கணவாயையும் அவர்களைக் கேட்காமல் ஈப்போவுக்குக் கொடுத்தாயிற்று.

இது நல்ல காரணம். உண்மையான காரணமும்கூட. அதனால் இன்னும் நல்லது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா தெர்லா போனேன். வேலப்பன் அண்ணன் லாரியில் கோபிஸ், முட்டைக்கோஸ், கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கேமில் அந்த வடக்குக்காரர்கள் அவர் சொன்னால்தான் கேட்பார்கள். முழுக்கச் சொன்னேன். நாற்காலி, கணவாய், தானியம், கல் எல்லாம். அவர் ஒரு கூடையைக்கூட நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பி, "தங்கச்சி, சபைல எங்களுக்கு ஒரு நாற்காலி குடுங்கன்னு ரெண்டு வாட்டி எழுதிக் கேட்டேன். ரெண்டு வாட்டியும் வேணாம்னது யாரு?"

நான்தான். வடக்கில் படிச்ச ஆள் இல்லை, சபை நடத்தத் தெரியாது என்று நான்தான் எழுதினேன். இதே வார்த்தைதான்.

"அது அப்ப, அண்ணே" என்றேன்.

"அப்ப நீ உள்ள இருந்த. இப்ப வெளிய இருக்க." சிரித்தார். "பரவால்ல. எங்களுக்கு வேண்டியது நாற்காலி. நீ எதுக்கு வரேன்னு நான் கேக்கல. வா."

திரும்பும்போது பிரிஞ்சாங் டவுன் ஜாமில் ஒரு மணி நேரம் நின்றேன். கோபம் வரவில்லை. மாசக்கணக்கில் இவ்வளவு நிம்மதியாக ஜாமில் நின்றதில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

கைதட்டின நாற்பதில் ஒன்பது பேரைத் திருப்பிவிட்டேன். ஒருத்தனுக்கு நாகம் தருகிறேன் என்றேன். ஒருத்தனுக்கு ஜேசன் அவனைப் பற்றிப் பேசினதைக் காட்டினேன். இரண்டு பேருக்குக் காரணமே தேவைப்படவில்லை, சண்டை என்றதும் வந்துவிட்டார்கள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு அறிவித்தாயிற்று.

மூன்றாம் சட்டப்படி போர் என்றால் முதலில் வாசல்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நான் எழுதின சட்டம், நானே போய் நின்றேன். வாசல்காரர் ஜேசனுடைய அப்பா, ராஜநாயகம் மாமா. ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து காய வைக்கிற அடுப்பைப் பார்த்துவிட்டு ரிட்டையர் ஆனவர். சண்டை வராது, நாகத்தைக் கண்டால் பயம். கையில் ஒரு லாந்தர் வாங்கிக்கொண்டு கோட்டை வாசலில் நிற்பதுதான் அவர் விளையாட்டு. உள்ளே போகிற யாராக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்பார், பெற்ற மகனாக இருந்தாலும். நடாலி முதல் தடவை வந்தபோது எந்த லயம் என்று கேட்டு, அவள் கொண்டோ, அடுக்குமாடி வீடு என்று சொல்ல, "அப்ப ஒக்காரு, கேட்டுச் சொல்றேன்" என்று அரை மணி நேரம் உட்கார வைத்தவர். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

"யாரு? எந்த லயம்?" என்று வந்தது.

"மேல் லயம், பதினொன்னு, மாமா."

"என்ன விஷயம்?"

"போர் மாமா."

லாந்தரைத் தூக்கி என் பக்கம் காட்டினார். பிறகு, "சரி. சாப்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது. அந்த வீட்டில் என்னிடம் கேட்க ஒருத்தருக்காவது தோன்றுகிறதே.

பிறகு பெரட்டில் வேலப்பன் அண்ணன் வடக்கின் குறைகளைப் படித்தார். தடுக்கித் தடுக்கித்தான் படித்தார், ஆனால் யாரும் குறுக்கே பேசவில்லை. ஜேசன் சொன்னது ஒன்றே ஒன்று: "இதெல்லாம் வடக்கோட கொறையா, ரூபியோட கோவமா?" இரண்டும்தான்டா. இரண்டையும் வாங்கிக்கொள்.

நாங்கள் அறுபத்திரண்டு பேர். அவன் பக்கம் எழுபத்தெட்டும் ஈப்போவும்.

3 செப்டம்பர், புதன்

தானியக் களஞ்சியம் இரண்டு எங்கள் கையில். ஈப்போக் குதிரைகளுக்குத் தீனி இல்லை. மறுபடியும் பட்டினி, நடாலி. மனசுல வெச்சிக்காதே, இது பாலிடிக்ஸ்தான்.

5 செப்டம்பர், வெள்ளி

ராஜநாயகம் மாமா இறந்துவிட்டார். காலையில் குளிக்கப் போனவர், அங்கேயே. ஜேசனுடைய அம்மா பவுலின் அத்தை கத்தினது பதினோராம் நம்பர்வரை கேட்டது.

6 செப்டம்பர், சனி

அடக்கம். லயமே போயிருந்தது. நானும் போனேன். போர் வேறு, சாவு வீடு வேறு. காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தேன். ஜேசனுக்கும் கொடுத்தேன். எடுத்துக்கொண்டான். அவன் என் முகத்தைப் பார்த்தானா என்று தெரியாது, நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னையத்தான் கேட்டாரு, ஏன் ரூபி வீட்டுப் பக்கம் வர்றதில்லன்னு" என்றார். காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அழுதேன். அது மாமாவுக்காக. ஜேசனுக்காக இல்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

ஏழாம் சட்டம்: யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பதினாறு நாள் போர் கிடையாது. ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரக் கூடாது.

இதுவும் நான் எழுதினதுதான். 2021இல் எங்களோடு விளையாடுகிற காளியண்ணன் அண்ணனுடைய சம்சாரம் கொரோனாவில் போனபோது. எங்கள் ஆள்களிடம் சொல்லிவிட்டேன், யாரும் அசையக் கூடாது என்று. ஒருத்தன், "இப்பதான்கா நல்ல சமயம், அவனுங்க யாரும் ஆன்லைன்ல இல்ல" என்றான். வாயை மூடு என்றேன். நான் அவன் மாதிரி முதுகில் குத்துகிறவள் இல்லை. சட்டப்படி வருவேன், முன்வாசல் வழியாக வருவேன்.

ஆபீஸ் காலண்டரில் இருபதாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

பத்தாம் நாள்.

18 செப்டம்பர், வியாழன்

பதினாலு. கல் எறிகிற யந்திரம் மூன்று தயார்.

ஃபேக்டரி வாசலில் ஜேசனைப் பார்த்தேன், அப்பாவுடைய ஏதோ பேப்பருக்காக வந்திருந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. "ரூபி" என்றான். கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இப்போது மனசு இளகக் கூடாது.

21 செப்டம்பர், ஞாயிறு

பதினேழாம் நாள். மூன்று மணி. கோட்டை விழுந்தது.

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

அறுபத்திரண்டு பேரும் மலை ஏறினோம். எதிரில் ஒருத்தர் இல்லை. மதில் மேல் இல்லை, ஈப்போப் படை இல்லை, நடாலி இல்லை. பயந்து ஓடிவிட்டார்கள் என்று நினைத்தேன். வாசலுக்கு வந்தால், கதவுக்கு உள்பக்கம் ராஜநாயகம்57 நிற்கிறது. லாந்தரோடு. மாமாவுடைய ஆள். யாரோ அவர் ஃபோனைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். வேலப்பன் அண்ணன், "தங்கச்சி, மாமா நிக்கிறாரு" என்று போட்டார்.

"அது மாமா இல்லண்ணே, பொம்ம. அடிங்க" என்றேன்.

ஒருத்தனும் அடிக்கவில்லை. அறுபத்தொரு பேர் நிற்கிறான்கள், ஒருத்தன் கையைத் தூக்கவில்லை. இத்தனை நாள் இதற்காகவா? ஏழு வாரம்! எனக்கு வந்த கோபத்தில் நானே போனேன். மூன்று அடி. லாந்தர் கீழே விழுந்தது.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. கொடியை இறக்கி எங்கள் கொடி ஏற்றினேன். இந்த கேமில் கோட்டை விழும்போது உள்ளே நிற்கிறவன் முதல் படிக்குப் போய்விடுவான், இத்தனை வருஷம் சேர்த்தது எல்லாம் போய்க் கையில் ஒரு மரக்குச்சியோடு ஆற்றங்கரையில் நிற்பான். அப்படிப் போனவர்கள் பட்டியல் திரையில் வந்தது. ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

சாயங்காலம் ஜேசனிடமிருந்து ஒரு வரி: "நாப்பதுன்னு சொன்னியே ரூபி."

நான் எப்போது சொன்னேன்? தோற்றதும் பொய். சட்டத்தில் இருப்பது பதினாறு நாள். நான் எழுதினது எனக்குத் தெரியாதா?

ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன். இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

22 செப்டம்பர், திங்கள்

அம்மா எட்டாம் நம்பருக்குப் போய்விட்டு வந்தாள். அவளுக்கு கேம் என்றால் என்ன என்றே தெரியாது. துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள்: "பாவம் அந்தப் புள்ள. அவங்கப்பா படத்துக்குப் பக்கத்துல மெழுகுத்திரி வெச்சு, அவரு ஃபோனையும் சார்ஜ் போட்டு வெச்சிருந்தான். நாப்பதாம் நாள் பூசை வரைக்கும் அணைய விட மாட்டேன்னு. நேத்து அதுல என்னமோ ஆயிருச்சாம். ரெண்டு கையிலயும் ஃபோன வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். இன்னும் நாப்பதுகூட ஆகல, அதுக்குள்ள எவளுக்கு இப்படி மனசு வந்துச்சோன்னு பவுலின் அழுவுறா."

எவளுக்கு. யார் என்று சொல்லவில்லை போல. அவன் சொல்லியிருக்கலாம்.

எனக்கு எப்படித் தெரியும், ஃபோனைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்று? சொல்லியிருந்தால்... சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்தியிருப்பேனா?

நிறுத்தியிருக்க மாட்டேன். இங்கேயாவது பொய் சொல்ல வேண்டாம்.

24 செப்டம்பர், புதன்

அவனைப் பொய்யன் என்று பெரட்டில் நிறுத்த வேண்டும் என்றுதான் தேடினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸில். பழைய ஐந்து பேர் குரூப். அதை எல்லாரும் எப்போதோ அழித்துவிட்டார்கள். நான் எதையும் அழிக்கிறதில்லை, என் ஃபோனில் மட்டும் இருக்கிறது. 2021 ஜூன்வரை ஏறிப் போனேன். ஏழாம் சட்டம் எழுதின நாள்.

நான்: பதினாறு நாள்னு போடறேன். எல்லாரும் ஓகேவா?

ஜேசன்: எங்க வீட்ல நாப்பது நாளு ரூபி. கிறிஸ்டியன் வீட்டுக்கு நாப்பதுன்னு சேத்து போடு.

நான்: சரி லா. நாப்பது. போட்டுர்றேன்.

அதற்குக் கீழே என்னுடைய அடுத்த மெசேஜ் குதிரை லாயத்தைப் பற்றி.

போடவில்லை. நாலு வருஷம். எங்கள் வீட்டுக்கணக்கை எழுதினேன், அவன் வீட்டுக்கணக்கை மறந்துவிட்டேன். மூன்று வீடு தள்ளி. நானும் போய் நின்றிருக்கிறேன், சின்ன வயசில் அவன் தாத்தாவுடைய நாற்பதாம் நாள் பூசைக்கு, கேக்கு தின்றிருக்கிறேன். தெரியாமல் இல்லை.

அவன் படையை விலக்கினது பயத்தில் இல்லை. நான் சொன்ன சொல்லை நம்பி. ஈப்போவையும் அனுப்பிவிட்டு, கதவையும் பூட்டாமல்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தேன்.

26 செப்டம்பர், வெள்ளி

இது என் ஃபோனில் மட்டும்தான் இருக்கிறது. விரலை ஒரு தடவை வைத்தால் போய்விடும். அப்புறம் அவன் சொல் ஒரு பக்கம், என் சட்டம் ஒரு பக்கம். சட்டம்தான் நிற்கும். கோட்டையும் நாற்காலியும் என்னுடையது. அவன் செய்ததற்கு இது சரிதான். சரிதானே?

இரண்டு தடவை விரலை வைத்தேன். இரண்டு தடவையும் எடுத்துவிட்டேன்.

அவன் மேல் கோபம் போகவில்லை. அதுதான் கஷ்டம். கோபம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

28 செப்டம்பர், ஞாயிறு

பெரட்டில் போட்டுவிட்டேன். அந்த மூன்று வரியையும், குதிரை லாயத்தையும் சேர்த்து. ஏன் என்றால், பதினோரு சட்டத்தையும் நான் எழுதினேன் என்றுதான் இத்தனை ஆட்டம். அதில் ஒன்றை நானே தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார முடியாது. அவ்வளவுதான். நல்லவள் என்று பேர் வாங்க இல்லை.

 பிறகு வேலப்பன் அண்ணன் பேசினார். படிக்கவில்லை, குரலில் பேசினார், பின்னால் லாரி எஞ்சின் சத்தம்.

"கோட்டைய திருப்பிக் குடுக்க மாட்டோம். எங்க காரணம் பொய் இல்ல. எங்களுக்கு நாற்காலி இல்லாதது உண்மை, கணவாய வித்தது உண்மை. சபைல இனிமே ஏழு பேரு, மூணு வடக்கு. தானா ராத்தாக்காரங்க திரும்பி வரலாம், யாரையும் வெரட்டல. ஆனா தங்கச்சி, நாங்க நாற்காலிக்குச் சண்ட போட்டோம், நீ ஆளுக்குச் சண்ட போட்ட. நீ சபைல வேணாம்."

"சரிண்ணே" என்றேன்.

"அந்தப் பெரியவரு நின்ன எடத்துல ஆள் இல்ல. நிக்கிறியா?"

படிச்ச ஆள் இல்லை, சபை நடத்தத் தெரியாது என்று எழுதினேனே, அந்த ஆள். ஒரு நிமிஷத்தில் என்னை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கேமையே அழித்துவிட்டுப் போயிருக்கலாம்.

நிற்கிறேன் என்றேன்.

ஏழாம் சட்டத்தில் நாற்பதைச் சேர்க்கச் சொன்னேன். எல்லாரும் ஓகே போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

வாசலில் நின்றேன். பெரட்டுக்கு எழுபது பேர் வந்தார்கள். ஜேசன் வரவில்லை. எட்டாம் நம்பரில் கார் நின்றது, ஆள் உள்ளேதான் இருந்தான்.

14 அக்டோபர், செவ்வாய்

நாற்பதாம் நாள். ஆபீஸில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்சு. பிறகு வீட்டில் சாப்பாடு. பவுலின் அத்தை என் கையில் தட்டைக் கொடுத்து, "ஒக்காந்து சாப்புடு" என்றார். அவருக்குத் தெரியும். முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் தட்டு கொடுத்தார். எட்டாம் நம்பர் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜேசனிடம் போய், "மறந்துட்டேன்" என்றேன். 

"நான் மறக்கல" என்றான். எதை என்று சொல்லவில்லை. தாடியை எடுத்துவிட்டான்.

15 அக்டோபர், புதன்

மத்தியானம் ஒரு மணி. ஆபீஸ் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, கேமில் கோட்டை வாசலில் நின்றேன். மழை இல்லை.

ஆற்றங்கரைப் பாதையில் ஒரு ஆள் ஏறி வந்தது. முதல் படி, கையில் மரக்குச்சி. பக்கத்தில் வந்ததும் பேர் தெரிந்தது. ராஜநாயகம்57.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "யாரு? எந்த லயம்?"

"மேல் லயம், எட்டு."

"என்ன விஷயம்?"

"போர்."

சாப்டியா என்கிற மூன்றாம் கேள்வியை அடிப்பதற்குள் குச்சி என் மேல் விழுந்தது. ஒரு அடிக்கு ஒரு புள்ளி குறைகிறது. என் ஆளுக்கு நாலாயிரத்து இருநூறு புள்ளி உயிர் இருக்கிறது. நான் திருப்பி ஒரு தட்டுத் தட்டினால் அந்த ஆள் மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போய்விடும். மதில் மேல் இருந்த வடக்குப் பையன், "அக்கா, நான் பாத்துக்கவா?" என்றான். வேணாம் என்றேன். ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றேன்.

ஜேசனுக்கும் சாப்பாட்டு நேரம்தான் போல. ஒரு மணி நேரம் விடாமல் அடித்தான்.  ஐந்நூற்றுப் பன்னிரண்டு அடி. இரண்டு மணிக்கு நிறுத்திவிட்டு இறங்கிப் போனான்.

"நாளைக்கும் இதே நேரம் இருப்பேன்" என்று போட்டேன்.

"தெரியும்" என்று வந்தது.

மூவாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு மிச்சம். என் ஆளின் பையில் ரொட்டி இருக்கிறது, ஒன்று தின்றால் எல்லாம் பழையபடி ஏறிவிடும். தின்னவில்லை.